பாஞ்சாலை பார்க்காத நம்பர்

மாதையன் புளியமரத்திலிருந்து விழுந்த பிறகுதான் காந்தத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தான். அதற்கு முன் அவனுக்கு எதைப் பற்றியும் யோசிக்க நேரம் இருந்ததில்லை. சாமைக் காடு, தேன், கடுக்காய், மாசி பங்குனியில் புளி என்று வருஷம் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருந்த ஆள். அந்த வருஷம் உச்சிக் கிளையில் நின்று உலுக்கும்போது கிளை முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்திருந்துவிட்டு, இனி நடக்க வராது என்ற பதிலோடு ஜவ்வாது மலையில் இருக்கும் புங்கம்பாறைக்குத் திரும்பி வந்தான். அப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது.

அவன் மனைவி பாஞ்சாலை மகளிர் குழுவின் சாமை மில்லை ஓட்டுகிறவள். ஒரே மகள் கல்பனா படவேட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டில் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை. அதனால் பாஞ்சாலை என்ன செய்தாள் என்றால், கட்டிலை மில்லுக்குள் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டு, காலையில் நான்கு பேரை விட்டு அவனைத் தூக்கிவந்து படுக்க வைத்துவிடுவாள். மில்லில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மோட்டார், அதிலிருந்து மெஷினுக்கு ஓடும் பெல்ட், சாமையைக் கொட்டுகிற தொட்டியின் வாயில் ஒரு காந்தம். சாமையோடு வரும் ஆணி, கம்பித் துண்டு எல்லாம் அந்தக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் மெஷினுக்குள் போய் உருளையைக் கடித்துவிடும். மாதையன் நாள் முழுக்க இதையே பார்த்துக்கொண்டு கிடந்தான். வேறு யாராக இருந்தாலும் பைத்தியம் பிடித்திருக்கும். இவனுக்கும் ஒரு விதமான பைத்தியம்தான் பிடித்தது.

தை மாதத்துக் காய்ந்த காற்றில் ஓடுகிற பெல்ட் பக்கம் போனால் கை மயிர் எழுந்து நிற்கும். உமி பறந்து வந்து புடவையில் ஒட்டிக்கொள்ளும். பாஞ்சாலை நான்கு வருஷமாக அதைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாளே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. அவன் கேட்டான். கல்பனா விட்டுப்போன ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுத்துக் கூட்டி அந்தப் புத்தகத்தின் காந்தப் பாடத்தை மட்டும் இருபது முப்பது தடவை படித்திருப்பான். கையில் மூன்று விரலை மூன்று திசையில் நீட்டிக் காட்டும் ஒரு விதி அதில் இருந்தது. அதைப் பழகுவதற்காக அவன் விரல்களை விறைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, சாமை கொண்டுவந்த ஒரு பெண்மணி, "உன் ஊட்டுக்காரருக்கு கையும் இழுத்துக்குச்சா?" என்று பாஞ்சாலையிடம் துக்கம் விசாரித்தாள்.

ஒரு நாள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் சத்தமாகக் கூப்பிட்டான்.

"பாஞ்சால, பெல்ட்டு மேல ஒரு எறும்பு குந்திக்கீதுன்னு வெச்சிக்கோ. எறும்புக்கு பெல்ட்டு ஓடுதா, நிக்குதா?"

"எறும்பு எப்பவோ நசுங்கிப் பூட்டிருக்கும்."

"சாவாத எறும்புன்னு வெச்சிக்கோயேன்."

"சாவாத எறும்புக்கு இன்னா கேடு. நிக்குதுன்னுதான் நெனைக்கும்."

"அதத்தான் சொல்றேன். பெல்ட்டுல சார்ஜு கீது. அதனாலதான் மயிரு நிக்குது. சார்ஜு ஓடுனா அதுக்குப் பேரு கரண்ட்டு. கரண்ட்டு கீற எடத்துல காந்தம் கீதுன்னு புஸ்தகத்துல போட்டுக்கீறான். நமக்கு பெல்ட்டு ஓடுது, அதனால காந்தம் கீது. எறும்புக்கு ஓடல, அதனால காந்தம் இல்ல. ஒரே எடத்துல கீதா, இல்லையா?"

பாஞ்சாலைக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. ஆனால் அந்த எறும்பு அவளை விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மூட்டையைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எறும்புக்கு பெல்ட்டு நிக்குதுன்னா அப்ப மில்லு ஓடணுமே. சுவரு, நானு, நீ படுத்துங்கீற கட்டிலு, எல்லாமே அந்தாண்ட ஓடணும்."

மாதையன் சிரிக்க ஆரம்பித்தான். மரத்திலிருந்து விழுந்த பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நானு ஓடுறேனா? நானு ஓடுறேன்றியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இதே கதைதான். எதுவும் கையால் செய்து பார்க்கிற விஷயம் இல்லை. எல்லாம் 'வெச்சிக்கோ' தான். காந்தத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டே போவதாக வைத்துக்கொள். மலையே காந்தமாக இருப்பதாக வைத்துக்கொள். பூமி நின்றுவிட்டதாக வைத்துக்கொள். பாஞ்சாலை சில நாள் பதில் சொல்வாள், சில நாள் 'இன்னிக்கு வேணாம்யா' என்பாள். ஊரில் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட ஆண்கள் என்ன ஆவார்கள் என்பதை அவள் பார்த்திருக்கிறாள். குடிப்பார்கள், இல்லாவிட்டால் மனைவியைத் திட்டித் தீர்ப்பார்கள். இவன் எறும்போடு போகிறவரைக்கும் நல்லதுதானே.

மில் மோட்டாரைப் பழுது பார்க்க ஒடுகத்தூரிலிருந்து சரவணகுமார் வண்டியில் மலை ஏறி வருவான். ஐடிஐ படித்தவன், முப்பது வயது இருக்கும். தொழிலில் கெட்டிக்காரன், பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரன். மாதையனுக்கு அவன் வந்தால் போதும், கோயில் திருவிழா வந்த மாதிரி. இருவரும் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் ஒரே ஒரு கேள்வியில் மோதிக்கொண்டார்கள்.

புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்: காந்தத்துக்குப் பக்கத்தில் செம்பை நகர்த்தினால் செம்பில் மின்சாரம் வரும். மாதையனின் கேள்வி அதற்கு அடுத்தது. ஒரு செம்புத் தட்டையும் வட்டக் காந்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து முடுக்கி, இரண்டையும் ஒரே தண்டில் சுற்றவிட்டால்? வரும் என்றான் மாதையன். வராது என்றான் சரவணகுமார்.

"ரெண்டும் ஒட்டிக்கினு சுத்துனா ஒண்ணுக்கொண்ணு நகரவே இல்லையேண்ணா. பஸ்சுல உங்க பக்கத்து சீட்டுல குந்திக்கினு வர்றவன் உங்களத் தாண்டிப் போவானா?"

"வெளக்க ஏத்தி வெய். வெச்ச எடத்துலயே அத்தத் திருப்பு. வெளிச்சம் கூடவே திரும்புதா?"

"இல்ல."

"அந்த மாதிரிதான். காந்தம் சுத்தும், அதோட சக்தி சுத்தாது. அது அப்படியே நிக்கும். தட்டு மட்டும் அதுக்குள்ள சுத்துற மாதிரிதான் கணக்கு. கரண்ட்டு வரணும்."

"வெளிச்சம் வேற, காந்தம் வேறங்கண்ணா."

"வேறன்னு நீ பாத்தியா?"

பார்க்கவில்லைதான். இரண்டு பேருமே பார்க்கவில்லை. மாதையன் அதைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய யோசனைகளிலேயே இது ஒன்றுதான் இந்த மில்லில், இந்த மோட்டாரில், கையால் செய்து பார்க்கக்கூடியது. ஒரு சாயங்காலம் பாஞ்சாலையிடம் சொன்னான். "மத்ததெல்லாம் மனசுலயே ஆரம்பிச்சு மனசுலயே முடிஞ்சிடுது. நான் படுத்துக்கினு யோசிக்கிறது யோசனையா, சும்மா ஒளர்றனா, எனக்கே தெரியல. இது ஒண்ணு பாத்துட்டா தெரிஞ்சிடும். எப்படியாவது பாக்க வெய்." அவன் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சொம்பைப் பார்ப்பானே தவிர வாய்விட்டுக் கேட்க மாட்டான்.

ஆனி மாதத்தில் முதுகில் படுக்கைப் புண் வந்தது. தினமும் தூக்கி அலைக்கழிக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. மில்லின் சத்தம் மட்டும்தான் அவனுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுச் செல்லி அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டாள். புண் உள்ளே போகப் போக, அந்தக் கேள்வியும் அவனுக்குள் ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது.

கார்த்திகை ஆரம்பத்தில் சரவணகுமார் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டான். வெடித்துப்போன பெரிய ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தம் ஒன்றைக் கழற்றி வந்தான். கல்பனா கல்யாணத்தில் ஆரத்தி எடுத்த செம்புத் தட்டு பரணில் கிடந்தது. அதன் நடுவில் ஓட்டை போட்டு, காந்தத்தோடு சேர்த்துப் பித்தளை போல்ட்டால் முடுக்கினான். மோட்டார் தண்டிலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதைப் பூட்டுகிற மாதிரி ஒரு பிடியும் செய்தான். பூட்டி, மின்சாரம் வருகிறதா என்று அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்தபோது மும்முனை மின்சாரம் போய்விட்டது.

மலையில் அது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மூன்று மணி நேரம்தான் வரும். மில் ஓடுவது அந்த மூன்று மணி நேரம் மட்டும். சரவணகுமாருக்குக் கீழே வேலை இருந்தது. தட்டைக் கழற்றிவிட்டு பெல்ட்டை மறுபடி மாட்டிக் கொடுத்தான்.

"நீங்களே பாத்துடுங்கக்கா. பெல்ட்ட எடுத்துட்டு தட்ட மாட்டுங்க. மோட்டாரப் போட்டு, மீட்டரோட ஒரு முனைய நடு நட்டுல, ஒரு முனைய தட்டு ஓரத்துல மெதுவா வெய்ங்க. மீட்டர இங்கயே வுட்டுட்டுப் போறேன், மில்லிவோல்ட்ல வெச்சிருக்கேன். இன்னா நம்பர் வருதுன்னு பாத்து அண்ணாகிட்ட சொல்லுங்க, அவ்ளோதான்."

அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றி, தட்டை மாட்டி, பார்த்து, மறுபடி பெல்ட்டை மாட்டி இழுத்துக் கட்ட முக்கால் மணி நேரம் ஆகும். வேறு மாதமாக இருந்தால் மறுநாளே செய்திருப்பாள். அது புதுச் சாமை வருகிற நேரம். அறுத்த சாமையைக் காளியம்மனுக்குப் பொங்கலிட்டுப் படைக்காமல் அந்த ஊரில் யாரும் ஒரு வாய் தின்ன மாட்டார்கள். ஒரு வீட்டுச் சாமை குறைந்தாலும் பொங்கல் நிற்காது, ஆனால் அந்த வீட்டுக்கு அது ஆறாத குறையாகிவிடும். வெள்ளிக்கிழமை பொங்கல் என்று குறித்திருந்தார்கள். இருபத்தெட்டு வீட்டுச் சாமை மில் வாசலில் வரிசையாக நின்றது.

"இன்னிக்கு பாத்தியா?" என்று மாதையன் ஒவ்வொரு நாளும் கேட்டான்.

"இன்னிக்கு ஆவல. நாளைக்கு."

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. வியாழக்கிழமை காலையில் அவள் கிளம்பும்போது அவன் கேட்கவில்லை. "இன்னிக்கு பாத்துடுவ" என்று மட்டும் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

அன்று மூன்று மணி நேரத்தில் நடுவில் இருபது நிமிஷம் மின்சாரம் போய் வந்தது. வாசலில் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசி மூட்டையை முடித்தபோது மோட்டார் தானாகவே நின்றது, நேரம் முடிந்துவிட்டது. தலை முதல் கால் வரை உமியோடு அவள் வீட்டுக்குப் போனாள். வாசல் நிலையில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னா வந்துது?"

பத்தாவது தடவையாக 'ஆவல' என்று சொல்ல வேண்டும். அந்த முகம் பத்தாவது தடவையாக வாடுவதைப் பார்க்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை. உண்மையைச் சொல்வதென்றால் கோபமும் இருந்தது. இவனுடைய புண்ணைத் துடைக்க என் கை, மலம் அள்ள என் கை, இப்போது இவன் மண்டைக்குள் ஓடுகிறதற்கும் என் கைதானா என்று ஒரு கோபம். அந்தக் கோபம் நியாயமில்லாதது என்றும் சொல்ல முடியாது. அது மட்டும் வாயைத் திறந்து வெளியே வந்திருந்தால் பரவாயில்லை. வந்தது வேறு.

"பூஜ்யம்" என்றாள்.

அவன் கண் கொட்டாமல் பார்த்தான். "பூஜ்யமா? சரியா பாத்தியா?"

"ரெண்டு வாட்டி பாத்தேன்."

அவன் "சரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "போய் மூஞ்ச கழுவிக்கினு சாப்புடு, பசியோட வந்துக்கீற" என்றான்.

இரண்டு நாளில் பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் உண்மையாகவே செய்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். நம்பர் ஏதாவது வந்தால், 'இன்னொரு வாட்டி பாத்தேன், இப்ப வந்துது' என்று சொல்லிவிடலாம். ஆனால் பொங்கலுக்கு மறுநாள் அவனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் சரவணகுமார் பேரிங் மாற்ற வந்தவன் வீட்டுக்குப் போய் மாதையனைப் பார்த்தான். பாஞ்சாலை மில்லில் இருந்தாள். திரும்பி வந்த சரவணகுமார், "அண்ணா நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கினாருங்கக்கா" என்றான். ஜெயித்தவன் மாதிரி சொல்லவில்லை. அவனுக்கே ஏதோ ஏமாற்றமாக இருந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் மாதையன் சொன்னான். "அந்தத் தட்டு கல்பனாது. கழுவி எடுத்து வெய். கண்ட எடத்துல கெடக்க வேணாம்."

அவள் எடுத்து வைக்கவில்லை. ஒரு கோணியில் சுற்றி மில் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு மாதையன் 'வெச்சிக்கோ' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. புத்தகத்தைக் கேட்கவில்லை. விரல்களை விறைத்துக்கொண்டு கிடக்கவில்லை. வந்தவர்களிடம் மழையைப் பற்றிப் பேசினான், பன்றி புகுந்த காட்டைப் பற்றிப் பேசினான். மனுஷன் தெளிந்துவிட்டான் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பாஞ்சாலைக்குமே முதலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இப்போது அவளால் தன்னை மன்னிக்க முடியவில்லை. ஒரு நாள் அவளாகவே, "அந்த எறும்பு இன்னா ஆச்சு?" என்று கேட்டுப் பார்த்தாள். "அது எப்பவோ நசுங்கிப் பூட்டிருக்கும்னு நீதான சொன்ன" என்று சிரித்தான். அன்று சொல்லியிருக்கலாம். நான் பார்க்கவே இல்லை, பொய் சொன்னேன் என்று ஐந்தே வார்த்தை. சொல்லாமல் எழுந்து போய் உலை வைத்தாள்.

மாசியில் புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. வேலூருக்குக் கொண்டு போகும் வழியிலேயே, அமிர்தி தாண்டும்போது, அவன் போய்விட்டான்.

அதன் பிறகு பாஞ்சாலைக்கு நேரம் இருந்தது. வேண்டிய மட்டும் இருந்தது. சாமை வராத மாதங்களில் மில் சும்மாதான் கிடந்தது. மும்முனை மின்சாரம் வந்து, ஓட்ட ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் இரண்டு மூன்று தடவை கோணியைப் பலகைக்கு அடியிலிருந்து இழுத்தாள். பிரிக்காமல் உள்ளே தள்ளினாள். வெளியே சொல்ல முடியாத ஓர் ஆசை அவளுக்குள் இருந்தது: பூஜ்யம் வர வேண்டும். பூஜ்யம் வந்துவிட்டால் அவள் சொன்னது பொய்யாகாது. பார்க்காமல் சொன்ன உண்மை என்று ஆகிவிடும். அதற்கு மாதையன் தப்பாக யோசித்தவனாக இருந்தாக வேண்டும். செத்துப்போன புருஷன் முட்டாளாக இருக்க வேண்டுமென்று ஒரு பெண் வேண்டிக்கொள்வாளா? வேண்டிக்கொண்டாள். காளியம்மன் கோயிலில் நின்றுகூட ஒரு தடவை வேண்டிக்கொண்டாள்.

ஆடியில் மோட்டார் உறுமியது. சரவணகுமார் வந்து கழற்றி, கிரீஸ் வைத்து, சரிசெய்தான். ஓட்டிப் பார்க்க மின்சாரத்துக்காகக் காத்திருந்தபோது பேச்சு வாக்கில் கேட்டான்.

"அக்கா, அன்னிக்கு அந்தத் தட்டுல மீட்டர எப்படி வெச்சீங்க?"

"ஏன் தம்பி?"

"ஒண்ணுமில்லங்க. போன வாரம் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். யாரோ வெளிநாட்டுக்காரன். அண்ணா சொன்ன அதே சமாச்சாரம். காந்தமும் தட்டும் ஒண்ணா சுத்துது, கரண்ட்டு வருது. ரொம்ப காலமாவே இதுக்கு மண்டைய ஒடச்சிக்கினு கீறாங்களாம். எனக்கு அன்னிலேர்ந்து தூக்கமே இல்லங்கக்கா. நீங்க முனைய ஓரத்துல அழுத்தி வெச்சிருக்க மாட்டீங்க. நான் நின்னு காட்டிட்டு போயிருக்கணும். எம் மேலதான் தப்பு."

பாஞ்சாலை குனிந்து பலகைக்கு அடியிலிருந்து கோணியை எடுத்தாள்.

ஒன்பது மணிக்கு மின்சாரம் வந்தது. சரவணகுமார் தட்டைப் பூட்டினான். மோட்டாரைப் போட்டதும் செம்பு ஒரே சிவப்பு வட்டமாக நின்றது. மீட்டரை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் முனைகளை வைத்தான். பூஜ்யமாக இருக்கட்டும் என்று அவள் கடைசியாக ஒரு தடவை நினைத்துக்கொண்டாள்.

எண்கள் கொஞ்சம் துள்ளின. பிறகு ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றன.

சரவணகுமார் மோட்டாரை நிறுத்தி, காந்தத்தைக் கழற்றிவிட்டு வெறும் தட்டை மட்டும் சுற்றவிட்டுப் பார்த்தான். பூஜ்யம். காந்தத்தை ஒரு கட்டையில் கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் சுற்றாமல் நிறுத்திவிட்டு, தட்டை மட்டும் சுற்றவிட்டான். மறுபடி கிட்டத்தட்ட அதே ஆறு. காந்தம் சுற்றினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். "அண்ணா சொன்ன அதே வெளக்குங்கக்கா" என்றான் அவன். "ஐடிஐ படிச்ச நான் பஸ்சு கத சொல்லினு இருந்தேன். ஒம்பதாங்கிளாசு புஸ்தகத்த வெச்சிக்கினு, படுத்துக்கினே, அவரு கண்டுபுடிச்சிட்டாரு."

பாஞ்சாலை மீட்டரைப் பலகைமேல் வைத்தாள்.

"தம்பி, முனைய நான் தப்பா வெக்கல. நான் வெக்கவே இல்ல. அன்னிக்கு இத்த நான் பாக்கவே இல்ல."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது ஓடிக்கொண்டே இருந்தது. அவன் நிறுத்த மறந்துவிட்டான்.

"உன்னாண்ட அவரு இன்னா சொன்னாரு, அன்னிக்கு வூட்டுல?" என்று கேட்டாள்.

"விடுங்கக்கா."

"சொல்லு."

"நான் அவருகிட்ட சண்டையே போட்டேங்கக்கா. 'இன்னாண்ணா இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கினீங்க, இன்னொரு வாட்டி நானே பாக்குறேன்'னு சொன்னேன். வேணாம்னுட்டாரு." மாதையன் பேசிய மாதிரியே சரவணகுமார் மெதுவாகச் சொன்னான். "'எங் கணக்குல தப்பே தெரியல சரவணா. எத்தினி வாட்டி போட்டாலும் வரணும்னுதான் வருது. ஆனா பாஞ்சால ரெண்டு வாட்டி பாத்தேன்னு சொல்லிடுச்சு. அது எங்கிட்ட பொய் சொன்னதில்ல. அதுக்கப்புறம் நான் எம் மண்டைய நம்பவா, அத்த நம்பவா?' அப்டின்னாரு."

பாஞ்சாலை இத்தனை மாதமும் வேறு மாதிரி நினைத்திருந்தாள். அவன் தோற்றுப்போனதால் பேச்சை விட்டான் என்று நினைத்திருந்தாள். ஒருவேளை பொய் என்று தெரிந்தே, அவள் மேல் இருந்த கோபத்தில் மூடிக்கொண்டானோ என்றும் பயந்திருந்தாள். அந்தப் பயம் இருந்தவரைக்கும் அதில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அவள் பொய் சொன்னாள், அவன் தெரிந்தே மூடிக்கொண்டான், அவனும் அவளும் சரிக்குச் சரி என்கிற மாதிரி. இப்போது அதுவும் இல்லை. அவன் ஒன்றரை வருஷம் படுத்துக்கொண்டே கண்டுபிடித்ததையும் அவளையும் தராசுத் தட்டில் வைத்து, அவளை எடுத்துக்கொண்டு, மற்றதைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வாசலில் சாமையோடு வந்த செல்லி, மில் ஓடுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். பாஞ்சாலை, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பக்கம் திரும்பி, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

"ஒரே ஒரு வாட்டி என்னிய சந்தேகப்பட்டிருக்கலாமேய்யா."